ஒழுகும் பம்ப்போடு மதுரைக்கு

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஒரு பங்குனி மாதம். உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு ஊரில் நான் வாழ்க்கைப்பட்டிருந்தேன். கணவர் பட்டாளத்தில் சேர்ந்து வடக்கே எங்கோ இருந்தார். வீட்டில் மாமியார், என் கொழுந்தன், நான், என் மகன். மகனுக்குப் பேச்சு வரத் தொடங்கிய வயது. ‘ம்மா’, ‘தண்ணி’, ‘காரு’ என்று சில சொற்கள்தான் தெரியும்.

அன்று காலை நானும் மாமியாரும் பின்கட்டில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். பங்குனியில் எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் அதுதான் வேலை. பையன் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து கொட்டைகளைக் கொட்டாங்கச்சியில் அள்ளிப் போடுவதும் கவிழ்ப்பதுமாக இருந்தான். ஒரு இருமல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அவன் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. கண்கள் பிதுங்கின. வாய் திறந்திருந்தது, சத்தம் மட்டும் இல்லை.

மாமியார்தான் பாய்ந்து தூக்கினார். காலைப் பிடித்துத் தலைகீழாக்கி முதுகில் தட்டினார். எனக்குக் கை கால் ஓடவில்லை. எவ்வளவு நேரம் தட்டினாரோ தெரியாது, பிள்ளைக்கு மூச்சு திரும்பியது. ஆனால் பழைய மூச்சாக அது இல்லை. உள்ளே இழுக்கும்போதெல்லாம் மெல்லிய சீழ்க்கை போல ஒரு சத்தம் வந்தது. கொட்டை வெளியே விழவில்லை.

ஊரில் ஒரு டாக்டர் மருந்துக்கடையோடு சேர்த்து வைத்தியம் பார்த்துவந்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடினோம். அவர் மார்பிலும் முதுகிலும் குழாய் வைத்து வெகு நேரம் கேட்டார். பிறகு எங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

“கொட்ட மூச்சுக்குழல்ல கிடக்கு. மேலயும் கீழயும் போயிட்டு வருது. ஊறுச்சுன்னா பெருக்கும். குறுக்க திரும்பி அடைச்சிட்டா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. உடனே மதுரைக்குக் கொண்டுபோங்க.”

பிள்ளையை அழவிடக் கூடாது, படுக்கவைக்கக் கூடாது, உலுக்கக் கூடாது என்றார். பாலோ தண்ணீரோ ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது, புரையேறினால் போயிற்று என்றும் சொன்னார்.

மதுரைக்கு எப்படிப் போவது என்பதுதான் அடுத்த பயம். போடி ரயிலை யுத்தத்துக்கென்று தண்டவாளத்தோடு பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். காலை பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் சாயங்காலம்தான். அதுவும் பெட்ரோல் கிடைக்காமல் கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு ஓடும் பஸ். மேடு கண்டால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். மாட்டு வண்டியில் போனால் பொழுது சாய்ந்துவிடும். மிச்சம் இருந்தது எங்கள் வீட்டுக் கார் மட்டுமே.

அந்தக் கார் என் மாமனார் உயிரோடு இருந்தபோது வாங்கியது. மலைத் தோட்டத்திலிருந்து சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போனது. நான் கல்யாணமாகி வந்தபோதே அது கிழட்டு வண்டி. என் கொழுந்தன்தான் அதைத் துடைத்துப் பேணி, ரேஷனில் கிடைத்த பெட்ரோலையும் அதில் சேர்த்து வைத்திருந்தார். ஆனால் பொங்கலுக்குப் பிறகு அவரே அதைத் தெருவில் இறக்கவில்லை. அதன் தண்ணீர் பம்ப் ஒழுகியது.

ஏன் ஒழுகுகிறது என்று அவர் மாமியாரிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுக் கேட்டு எனக்கும் தெரிந்திருந்தது. எஞ்சின் கொதிக்காமலிருக்கத் தண்ணீரைச் சுற்றிவிடுவது அந்தப் பம்ப். அதன் தண்டு உள்ளே நுழையும் இடத்தில் கொழுப்பில் தோய்த்த நூல்கயிற்றைச் சுற்றி, மேலே ஒரு நட்டை வைத்து இறுக்கியிருப்பார்கள். தண்டு சுற்றச் சுற்றக் கயிறு தேயும், தண்ணீர் கசியும். புதுக்கயிறு சுற்றினால் சரியாகிவிடும். எங்கள் காரிலோ தண்டே தேய்ந்துபோயிருந்தது. எத்தனை முறை கயிறு சுற்றினாலும் கொஞ்ச நாளில் தின்றுவிடும். மதுரையில் பட்டறை வைத்திருந்த ஒரு பாயிடம் காட்டியபோது, யுத்தம் முடியாமல் இந்தச் சாமான் கப்பலில் வராது, அதுவரை வெளியூருக்கு எடுக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

நான் பிள்ளையோடு கொட்டகை வாசலில் போய் நின்றபோது கொழுந்தன் ஏற்கெனவே பானட்டைத் திறந்து வைத்திருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். ‘போய்விடலாமா’ என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்த பிறகு கேட்கத் தைரியம் வரவில்லை. பின்சீட்டில் குடங்களையும் மண்ணெண்ணெய் டின் ஒன்றையும் தண்ணீர் நிரப்பி வைத்து, சாக்கைச் சுருட்டி முட்டுக்கொடுத்தார். மாமியாருக்கு இடமில்லை. அவர் வாசலில் நின்று காரையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்க்கவில்லை.

பிள்ளையை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தேன். கார் புறப்பட்டதும் நான் நினைத்துப் பார்க்காத ஒரு பயம் வந்தது. எஞ்சின் சத்தத்தில் அவன் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. சீழ்க்கை கேட்கும்வரை உயிர் இருக்கிறது என்று தெரியும். இப்போது அதுவும் இல்லை. அவன் வாய்க்கு அருகில் என் கன்னத்தை வைத்துக்கொண்டேன். சூடான காற்று வந்து படும், அடுத்த மூச்சுக்குக் காத்திருப்பேன், வந்து படும். சாலையில் எதைப் பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டு பக்கமும் புளியமரங்கள் என்பது மட்டும் நினைவிருக்கிறது. பழுத்துத் தொங்கிய புளியை அப்போதுதான் உலுக்கிக்கொண்டிருந்தார்கள். அதைக் காணப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

உசிலம்பட்டியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் காருக்கு முன்னால் வெள்ளையாக ஆவி கிளம்பியது. கொழுந்தன் ஒரு மரத்தடியில் ஒதுக்கி நிறுத்தினார். எஞ்சின் சத்தம் அடங்கியது. பிள்ளையின் சீழ்க்கை மறுபடி கேட்டது, முன்பைவிடக் கூர்மையாக. அவன் நெஞ்சுக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழிந்தது.

கொழுந்தன் இறங்கி பானட்டைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றார். குடத்தைத் தொடவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது.

“தண்ணிய ஊத்துங்க தம்பி. எதுக்கு நிக்கிறீங்க?”

“இப்ப ஊத்தக் கூடாது மதினி. கொதிக்கிற இரும்புல பச்சத் தண்ணி பட்டா விரிசல் விட்டுரும். அப்புறம் வண்டி இந்த எடத்த விட்டு நகராது.”

அந்தக் காத்திருப்பு ஒவ்வொரு முறை நிற்கும்போதும் இருந்தது. அவர் உள்ளங்கையை எஞ்சின்மேல் வைத்து வைத்துப் பார்ப்பார், சுட்டு எடுப்பார், மறுபடி வைப்பார். நான் பிள்ளையின் நெஞ்சைப் பார்ப்பேன். ஆறட்டும் என்று அவர் நிற்க, ஆறும்வரை இவன் இருக்க வேண்டுமே என்று நான் நின்றேன். பிறகு துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். தண்ணீர் கொட்டும் சத்தத்தைக் கேட்டதும் பிள்ளை அந்தப் பக்கம் கையை நீட்டினான்.

“தண்ணி” என்றான். குரல் காற்றாகத்தான் வந்தது.

அதற்கு நான் என்ன செய்வேன்? குடம் குடமாக இரும்பு குடித்தது. அவன் உதட்டை நனைக்கக்கூட எனக்குப் பயமாக இருந்தது. அழவிடக் கூடாது என்று டாக்டர் சொன்னது காதில் இருந்தது. முகத்தை மறுபக்கம் திருப்பி, ‘காரு பாரு, காரு பாரு’ என்று எதையோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

செக்கானூரணிக்கு இன்னும் வெகு தூரம் இருந்தது. தண்ணீர் அதற்குள் தீர்ந்துவிட்டது. கசிவு இப்போது கசிவாக இல்லை. கொழுந்தன் காரை நிறுத்திக் குனிந்து பார்த்தார். நட்டுக்குப் பின்னாலிருந்து தண்ணீர் ஒழுகி மண்ணில் கோடாக ஓடியது. கயிறு முழுக்கப் பிய்ந்துபோய்விட்டது என்றார். கருகிய நூல் துணுக்கு ஒன்றை விரலில் எடுத்துக் காட்டினார். சாலையோரக் கண்மாய் காய்ந்து வெடித்துக் கிடந்தது. கண்மாய்க்கரைக்கு அப்பால் கொஞ்சம் வீடுகள் தெரிந்தன. எஞ்சினில் மிச்சமிருந்த தண்ணீரை நம்பி, காரை மெல்ல வண்டிப்பாதையில் இறக்கி அந்த ஊருக்குள் ஓட்டினார்.

ஊர் எங்களைப் பார்த்ததும் மூடிக்கொண்டது. கதவுகள் சாத்தும் சத்தம் அடுத்தடுத்துக் கேட்டது. தெருவில் விளையாடிய பிள்ளைகளை யாரோ உள்ளே இழுத்துப் போட்டார்கள். கார் நின்றபோது தெருவில் ஆள் இல்லை. பிறகு வேலிப்பக்கமிருந்து ஆண்கள் சிலர் வந்தார்கள். இரண்டொருவர் கையில் கம்பு இருந்தது. காரைச் சுற்றி நின்றார்கள். அந்த நாளில் பதுக்கி வைத்த நெல்லைத் தேடி அதிகாரிகள் காரில்தான் வருவார்கள். கார் வந்தால் குதிருக்குள் கைவிட்டுத் தேடுவார்கள் என்பதைத் தவிர அந்த ஊருக்குக் காரைப் பற்றி வேறு எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. அவர்கள் எங்களைக் கண்டு பயந்திருந்தார்கள் என்று எனக்கு இப்போது புரிகிறது. அப்போது எனக்கு அந்தக் கம்புகள்தான் தெரிந்தன.

கொழுந்தன் கையைக் கூப்பினார். நாங்கள் ஆபீசர்கள் இல்லை, தண்ணீர் வேண்டும் என்றார். நடுவயது ஆள் ஒருவர், மனுசன் குடிக்கவே ஊருக்குள் தண்ணீர் இல்லை, வண்டியைத் திருப்பு என்றார். கொழுந்தன் பிள்ளையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். வார்த்தை தடுமாறியது. அவர்கள் நம்பியதாகத் தெரியவில்லை. ஒருவர் கம்பால் பின்சீட்டுச் சாக்கைக் கிளறிப் பார்த்தார்.

நான் கதவைத் திறந்து இறங்கினேன். பிள்ளையைத் தூக்கிக் காட்டினேன். எஞ்சின் நின்றிருந்ததால் அந்த அமைதியில் அவன் மூச்சு எல்லோருக்கும் கேட்டது.

சாத்திய கதவு ஒன்று திறந்தது. என்னைவிடக் கொஞ்சம் மூத்த பெண் ஒருத்தி வெளியே வந்தாள். ஆண்களை விலக்கிக்கொண்டு வந்து பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்தாள்.

“என்னத்தா விழுங்குச்சு?”

“புளியங்கொட்ட.”

அவள், வண்டியைத் திருப்பச் சொன்ன அந்த ஆளைத் திரும்பிப் பார்த்தாள். அவள் புருஷன் என்று நினைக்கிறேன். “வீட்டுப் பானையில இருக்கிறத எடுங்க. நாளைக்கு வேணுங்கிறத நாளைக்குப் பாத்துக்கிருவோம்” என்றாள். அவர் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார்.

தண்ணீர் வந்தது. ஆனால் அந்தப் பம்ப்பில் ஊற்றினால் ஊற்றிய வேகத்தில் வெளியே போய்விடும். கயிறு சுற்றியாக வேண்டும். கொழுந்தனிடம் கயிறு இல்லை. வீட்டிலிருந்த கடைசித் துண்டைத்தான் பொங்கல் சமயத்தில் சுற்றியிருந்தார். கிணற்றுக் கயிற்றை யாரோ கொண்டுவந்தார்கள். தென்னை நார் உதவாது, தண்டை இன்னும் அறுத்துவிடும், பருத்தி நூல் வேண்டும் என்றார். அந்தப் பெண் ஓடிப்போய் சாமி விளக்குக்குத் திரித்து வைத்திருந்த திரிகளைக் கொத்தாக அள்ளிவந்தாள். இன்னொரு வீட்டிலிருந்து ஆட்டுக்கொழுப்பு வந்தது.

அவர் திரிகளைச் சேர்த்து முறுக்கிக் கொழுப்பில் புரட்டினார். நட்டைக் கழற்ற அவரிடம் சரியான ஸ்பேனர் இல்லை. திருப்புளியை நட்டின் பள்ளத்தில் வைத்துச் சுத்தியால் தட்டித் தட்டித்தான் கழற்றினார். எஞ்சின் சூடு இறங்கவேயில்லை. பழைய நூலை விரல் நுனியால் தோண்டி எடுத்தபோது அவர் தோல் சுடுவது எனக்குத் தெரிந்தது. ஆறட்டும் என்று இந்த முறை அவர் சொல்லவில்லை. அவர் ஒருமுறைகூடப் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பார்த்திருந்தால் கை ஓடியிருக்காது என்று பின்னால் ஒரு நாள் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் சீழ்க்கை நின்றது.

பிள்ளை என் தோளில் விறைத்தான். வாய் திறந்திருந்தது, கண்கள் என்னையே பார்த்தன. காலையில் கண்ட அதே கறுப்பு உதட்டிலிருந்து பரவியது. நான் கத்தினேனா இல்லையா என்று தெரியாது. அந்தப் பெண் என் கையிலிருந்து அவனைப் பறித்து, தன் முழங்கையில் குப்புறக் கவிழ்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் ஓங்கி அறைந்தாள். உலுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்து நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். மறுபடியும் அறைந்தாள். பிள்ளை இருமினான். மூச்சு வந்தது, சீழ்க்கையும் வந்தது. கொட்டை இடம் மாறி உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் அவனை என்னிடம் நீட்டினாள்.

கொழுந்தன் நட்டை இறுக்கினார். அதிலும் ஒரு கணக்கு இருந்தது. இறுக்கம் குறைந்தால் ஒழுகும், கூடினால் தண்டு சிக்கிக்கொண்டு அதைச் சுற்றும் பெல்ட் அறுந்துவிடும். கொஞ்சம் இறுக்குவார், ஓடவிடுவார், சொட்டுவதைப் பார்ப்பார், மறுபடி இறுக்குவார். ஒழுகல் சொட்டாக மாறியதும் போதும் என்று நிமிர்ந்தார். ஊர்க்காரர்கள் குடங்களை நிரப்பிப் பின்சீட்டில் வைத்துக் கொடுத்தார்கள். கார் திரும்பும்போது அந்தப் பெண் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். அவள் யார், என்ன பெயர் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு கார் நின்று நின்றுதான் போனது, ஆனால் போனது. நாகமலை எங்கள் கூடவே வந்தது. எவ்வளவு போனாலும் அது முடியவில்லை. பிள்ளை சோர்ந்து கண் செருகினான். தூங்குகிறானா மயங்குகிறானா என்று தெரியாமல் அவன் காதை நிமிண்டிக்கொண்டே வந்தேன். முனகினால் நிம்மதி. அந்தக் காது சிவந்து கன்றிப்போனது. கொழுந்தன் ஸ்டியரிங்கை விரல்களால் பிடிக்கவில்லை, மணிக்கட்டுகளால் அணைத்துக்கொண்டிருந்தார். விரல்களைப் பார்த்தேன், எல்லாம் கொப்புளம்.

வைகைப் பாலத்தில் வண்டிகளும் சைக்கிள்களும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. நின்றால் கொதிக்கும், கொதித்தால் ஆற வேண்டும். கொழுந்தன் ஹாரனை அழுத்திய கையை எடுக்கவேயில்லை. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஆவி மேகத்துக்குள் போய் நின்றோம். நான் பிள்ளையோடு ஓடினேன்.

மூச்சுக்குழலில் ஒரு துளை போட்டாக வேண்டும் என்றார் அங்கிருந்த டாக்டர். கழுத்தை அறுப்பது என்றுதான் என் காதில் விழுந்தது. சரி என்று தலையாட்டியது நான்தானா என்று இன்றும் சந்தேகம். கதவைச் சாத்திக்கொண்டார்கள். வராந்தா தரையில் கொழுந்தன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் வேட்டியெல்லாம் கொழுப்பும் கரியும். நர்ஸ் ஒருவர் அவர் கையைப் பார்த்துவிட்டு மருந்து போட வரச்சொன்னார். அவர் எழுந்திருக்கவில்லை.

கதவு திறந்தது. டாக்டர் ஒரு பீங்கான் தட்டை நீட்டினார். அதில் புளியங்கொட்டை கிடந்தது. தோல் சுருங்கி, ஊறி, நான் காலையில் பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. துளை போட்டதுமே ஒரு இருமலில் தானாக வெளியே வந்து விழுந்தது என்றார். பிழைத்துக்கொள்வான் என்றார்.

உள்ளே போய்ப் பார்த்தேன். கழுத்தில் ஒரு வெள்ளிக்குழாய் வைத்துத் துணி கட்டியிருந்தார்கள். மூச்சு அதன் வழியாக அமைதியாகப் போய்வந்தது. என்னைக் கண்டதும் அவன் அழுதான். வாய் கோணியது, கண்ணீர் வழிந்தது, நெஞ்சு குலுங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை. அந்த நாள் முழுக்க நான் பட்ட பயமெல்லாம் ஒரு பக்கம், சத்தமில்லாத அந்த அழுகை ஒரு பக்கம். குழாய் இருக்கும்வரை குரல் வராது, எடுத்த பிறகு வந்துவிடும் என்று நர்ஸ் சொன்னார். நான் நம்பவில்லை. குழாயை எடுத்த அன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் முதலில் இருமினான். பிறகு கரகரவென்று ஒரு குரலில் என்னை அழைத்தான். அந்தக் குரல் தெளிய ஆவணி ஆகிவிட்டது.

ஊருக்குத் திரும்பும் நாளில் கொழுந்தன் காரைத் தயாராக வைத்திருந்தார். பட்டறைப் பாய் புதுக்கயிறு சுற்றிக் கொடுத்திருந்தார். இனிப் பயமில்லை என்று கொழுந்தன் பாதி மனதோடுதான் சொன்னார். நான் ஏற மாட்டேன் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. எங்களைக் கரி பஸ்ஸில் ஏற்றி ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, தனியாகக் காரை எடுத்துக்கொண்டு முன்னால் போனார்.

செக்கானூரணியைத் தாண்டியதும் சாலையோர மரத்தடியில் கார் பானட்டைத் திறந்துகொண்டு நின்றது. கொழுந்தன் வேரில் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸைக் கண்டதும் எழுந்து, ஒன்றுமில்லை, போங்கள் என்று கையைக் காட்டினார். விரல்களில் இன்னும் துணிக்கட்டு இருந்தது. பஸ் நிற்கவில்லை. பையன் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் ஜன்னலில் தலையை நீட்டி, மரம் மறையும்வரை பார்த்துக்கொண்டே வந்தேன். வீடு வந்து சேர்ந்த பிறகும் உள்ளே போகாமல், விளக்கு வைக்கும் நேரத்தில் தெருமுனையில் அவர் கார் சத்தம் கேட்கும்வரை மாமியாரும் நானும் வாசலிலேயே நின்றோம்.